சிட்டுக்குருவிக்கு மரக்கூடு செய்வது எப்படி? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். நேயர் ஒருவர் கடையில் வாங்கிய மரக்கூடு ஒன்றை மொட்டைமாடிக் கம்பியில் தொங்கவிட்டு ஓராண்டு ஆகிறதாம். மைனாக்கள் வந்து பார்த்துச் செல்கின்றனவே தவிர, ஒரு சிட்டுக்குருவிகூட அண்டவில்லை என்கிறார். வீட்டிலேயே புதிதாக ஒன்று செய்வதென்றால் எந்த மரத்தில், எந்த அளவில் செய்ய வேண்டும் என்று கேட்டு, தம்மிடம் உள்ள கூட்டின் படத்தையும் அனுப்பியிருக்கிறார்.

படத்தில் முதலில் கண்ணில் பட்டது துளைதான். அது 2 அங்குலத்துக்குக் குறையாது. சிட்டுக்குருவிக்கு ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லிமீட்டர் விட்டம் போதும். அந்த அளவில் குருவி தாராளமாக நுழையும். மைனாவால் நுழைய முடியாது. காகம் தலையை உள்ளே விட்டுக் குஞ்சை இழுக்கவும் வழியில்லை. துளைக்குக் கீழே அழகுக்காக ஒரு குச்சியும் பொருத்தியிருக்கிறார்கள். குருவி துளையின் விளிம்பையே பற்றிக்கொண்டு உள்ளே போய்விடும் என்பதால் அதற்கு அந்தக் குச்சி தேவையே இல்லை. காகம் வந்து உட்கார்ந்து காத்திருக்கத்தான் அது உதவும். இதற்காக அந்தக் கூட்டைத் தூக்கி எறிய வேண்டாம். குச்சியைப் பிடுங்கிவிட்டு, 32 மில்லிமீட்டர் துளையிட்ட சிறு மரச்சில்லு ஒன்றைப் பழைய துளையின் மேல் திருகாணியால் பொருத்தினால் அதுவே பயன்படும்.

புதிதாகச் செய்வதற்கு 6 அங்குல அகலமும் முக்கால் அங்குலக் கனமும் உள்ள 4 அடிப் பலகை ஒன்றும், கூரைக்கு 8 அங்குல அகலம், 10 அங்குல நீளத்தில் தனித்துண்டு ஒன்றும் வேண்டும். தேக்கு, வேம்பு, பைன் எதுவானாலும் சரி; மரக்கடையில் கழித்துப் போட்ட துண்டுகளே போதும். சரக்குப் பெட்டிகளைப் பிரித்த பைன் பலகையானால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ‘ஹெச்.டி.’ (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம், ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயு ஏற்றியது, அதைத் தொட வேண்டாம். சாதாரண பிளைவுட்டும், மரநாரைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் மழை ஈரத்தில் உப்பிப் பிரிந்துவிடும் என்பதோடு, மெல்லிய பலகை வெயிலையும் தடுக்காது. பெட்டிக்குள் இருக்கும் குஞ்சுகளுக்குச் சித்திரை வெயிலில் அதுதான் பெரிய ஆபத்து.

பலகையில் முதலில் முன்பக்கத்துக்கு 8 அங்குலமும், பின்பக்கத்துக்கு 13 அங்குலமும் மூலைமட்டம் வைத்துக் கோடிட்டு அறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த 18 அங்குலத் துண்டில்தான் ஒரு சிறு நுட்பம் இருக்கிறது. ஒரு விளிம்பில் 10 அங்குலத்திலும், எதிர் விளிம்பில் அதே முனையிலிருந்து 8 அங்குலத்திலும் புள்ளி வைத்து, அவற்றை இணைக்கும் சாய்கோட்டில் ஒரே அறுப்பு அறுத்தால், சேதாரமே இல்லாமல் இரண்டு பக்கப் பலகைகளும் கூரைச் சரிவோடு கிடைத்துவிடும். மிச்சத்தில் நாலரை அங்குலம் அறுத்தால் அது அடிப்பலகை. கடையில் 6 அங்குலம் என்று சொல்லிக் கொடுக்கும் பலகை, இழைத்தபின் ஐந்தரையாகவும் இருக்கலாம். அதனால் அடிப்பலகையை மட்டும் எண்ணை நம்பி அறுக்காமல், பலகையின் அகலத்திலிருந்து இருபக்கக் கனத்தைக் கழித்து அளந்துகொள்வது நல்லது.

முன்பலகையில் கீழ் விளிம்பிலிருந்து 6 அங்குல உயரத்தில் துளையின் மையம் அமையட்டும். டிரில் எந்திரத்தில் 32 மில்லிமீட்டர் ஹோல் சா (வட்டத் துளை அறுக்கும் ரம்பம்) பொருத்தி, பின்னால் ஒரு கழிவுத்துண்டை முட்டுக்கொடுத்துத் துளைத்தால் மரம் சிலும்பாது. முன்பலகையின் உட்புறத்தை இழைக்காதீர்கள். துளைக்குக் கீழே ரம்பத்தின் பல்லால் குறுக்கே சில கீறல்கள் போட்டுவிட்டால், வெளியேறும் பருவத்துக் குஞ்சுகள் நகத்தை ஊன்றி ஏற முடியும். அடிப்பலகையின் நான்கு மூலைகளிலும் நீர் வடிய 6 மில்லிமீட்டர் துளைகள் இடுங்கள்.

கோக்கும்போது பக்கப் பலகைகள் முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் அமைய வேண்டும்; பின்பலகை மேலும் கீழும் ஒன்றரை அங்குலம் நீண்டிருப்பது சுவரில் பொருத்துவதற்காக. ஒரு பக்கப் பலகையை முடுக்கிவிடாமல், மேல்பகுதியில் முன்னிருந்து ஒன்றும் பின்னிருந்து ஒன்றுமாக ஒரே மட்டத்தில் இரண்டு திருகாணிகளை மட்டும் செலுத்தி, அவற்றையே அச்சாகக் கொண்டு கதவுபோல் திறக்கும்படி விடுங்கள். கீழே ஒரு சிறு கொக்கி போதும். அந்தப் பலகையின் மேல்விளிம்பில் கால் அங்குலம் சீவி எடுத்தால், திறக்கும்போது கூரையில் இடிக்காது, அந்த இடைவெளியே காற்றோட்டமும் ஆகிவிடும். வண்ணம் பூச விரும்பினால் வெளிப்புறத்தில் மட்டும், நீரில் கரையும் வெளிர்நிறப் பூச்சு அடித்து, வாடை போகும் வரை காயவிடுங்கள். உட்புறத்தில் எதையும் பூசக் கூடாது.

இனி இடம். காற்றில் ஆடும் பெட்டியில் பறவை குடியேறத் தயங்கும் என்பதால் கயிற்றில் தொங்கவிடாமல், 8 அடிக்கு மேல், தாழ்வாரத்தின் கீழ் மழைச்சாரலும் பிற்பகல் வெயிலும் படாத சுவரில் இறுக்கமாகப் பொருத்துங்கள். மின்விசிறி சுழலும் அறைக்குள்ளோ, பூனை தாவக்கூடிய மதிலை ஒட்டியோ வேண்டவே வேண்டாம். மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாள். அதையொட்டி இலவசமாகக் கொடுக்கப்படும் பெட்டிகள் பலவும் கிடைத்த ஆணியில் மாட்டப்பட்டு, அப்படியே வெறுமையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். குருவிகள் கூட்டமாக வாழ்பவை என்பதால், சில அடி இடைவெளியில் இரண்டு மூன்று பெட்டிகள் வைப்பது நல்ல பலன் தரும். உள்ளே நீங்கள் வைக்கோல் திணிக்க வேண்டாம். அதைக் குருவியே கொண்டுவரும். கம்பும் நொய்யும் தூவுவது பெரிய குருவிகளுக்கு உதவும். ஆனால் குஞ்சுகள் வளர்வது புழு பூச்சிகளால்தான். அருகில் மருந்தடிக்காத செடிகொடிகள் இல்லாவிட்டால் எவ்வளவு தானியம் போட்டும் பயனில்லை.

கூட்டுப் பெட்டி எல்லாப் பறவைக்கும் பொருந்தாது. மரப்பொந்திலோ சுவர் இடுக்கிலோ முட்டையிடுபவையே இதில் குடியேறும். தேன்சிட்டும் தையல்சிட்டும் தூக்கணாங்குருவியும் தமக்குத் தாமே கூடு அமைப்பவை, அவற்றுக்குப் பெட்டி செய்வது வீண்வேலை. மைனாவோ குண்டுகரிச்சானோ வர வேண்டும் என்றால் 2 அங்குலத் துளையுடன் இன்னும் பெரிய பெட்டி தேவை.

குருவி முட்டையிட்டபின் ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாக்கும். பொரித்த குஞ்சுகள் பறக்க மேலும் இரண்டு வாரமாகும். அந்தக் காலத்தில் கதவைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். குஞ்சுகள் போனபின் அதே இணை மறுபடியும் முட்டையிடக்கூடும் என்பதால் உடனே கலைக்காமல், வரவு முற்றிலும் நின்றுவிட்டதை உறுதிசெய்துகொண்டு, முகக்கவசமும் கையுறையும் அணிந்து பழைய கூட்டை எடுத்துவிட்டு, வெந்நீரால் மட்டும் கழுவி வெயிலில் காயவைத்து மூடினால் போதும். பூச்சிக்கொல்லி எதுவும் தெளிக்க வேண்டியதில்லை.