இறங்கும்போதுதான் போன் வரும்

நேயர்களுக்கு வணக்கம். கார் ரிப்பேர் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். எந்தக் கார் என்று கேட்டேன். ஸ்போர்ட்ஸ் கார் என்றார்கள். சேலத்தில் அது எத்தனை பேரிடம் இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அஸ்தம்பட்டி தாண்டி கோரிமேட்டுப் பக்கம் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். நம்மூர் வண்டி ஒன்றிரண்டு, பெங்களூரு வண்டியும் கோயம்புத்தூர் வண்டியும் அதைவிட அதிகம், உறுமிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போகும். போகும்போது என்னை யாரும் நினைப்பதில்லை. இறங்கும்போதுதான் போன் வரும்.

நான் தொழில் கற்றது சங்ககிரியில், லாரிப் பட்டறையில். அங்கிருந்து காருக்கு வந்தேன். முதன்முதலில் கை வைத்த இரண்டு சீட் வண்டி, கோவாவில் செய்த சான் ஸ்டார்ம். ஃபைபர் உடம்பு, ரெனோ இன்ஜின். லாரியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பொம்மை மாதிரி இருந்தது. ஆனால் பிரேக், சூடு, கரண்ட் இந்த மூன்றும் லாரிக்கும் அதற்கும் ஒரே கணக்குதான். இன்று வருகிற கோடி ரூபாய் வண்டிக்கும் அதே கணக்குதான்.

போன வருஷம் மழைக்கு முன்னால் ஒரு போன். "அண்ணா, பிரேக் பெடல் உள்ள போகுதுங்கண்ணா." குரல் நடுங்கியது. "தம்பி, வண்டி இப்ப எங்க நிக்குது?" "அடிவாரத்துலங்கண்ணா. கடைசி மூணு வளைவு ஹேண்ட் பிரேக்குல வந்தேன்." நான் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. ஏறி உட்கார்ந்து பெடலை அழுத்தினேன். கல் மாதிரி நின்றது. ஒரு குறையும் இல்லை. அந்தத் தம்பி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது, நான் அவனைப் பொய்யன் என்று நினைத்துவிடுவேனோ என்று.

அவன் சொன்னது பொய் இல்லை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 1200 மீட்டர். ஒன்றரை டன் வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவருகிற சக்தியைச் சூடாக மாற்றிப் பார்த்தால், 50 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கல்யாண வீட்டு அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் காற்றோடு போகும், கொஞ்சம் இன்ஜின் தாங்கும். டிரைவர் கியரை மறந்துவிட்டு பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் மீதி எல்லாம் சக்கரத்தோடு சுற்றுகிற நாலு பிரேக் டிஸ்க்கின் தலையில்தான். அங்கிருந்து சூடு டிஸ்க்கைக் கவ்வுகிற பேடுக்கு, பேடிலிருந்து அதை அழுத்துகிற காலிப்பருக்கு, காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஃப்ளூயிடுக்கு, அதாவது பெடல் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற திரவத்துக்கு.

பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற சாமான். மழைக்காலத்து உப்பு மாதிரி. டாட் 4 என்று டப்பாவில் போட்டிருக்கும் ரகம் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 என்று தரக்கணக்கே சொல்கிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். கால் அமுக்குவது குமிழியைத்தான், டிஸ்க்கை அல்ல. பெடல் பஞ்சாகிவிடும். அரை மணி, முக்கால் மணி ஆறினால் ஆவி மறுபடி திரவமாகும், பெடல் பழையபடி வந்துவிடும். நான் போய்ப் பார்த்தபோது கல்லாக இருந்தது அதனால்தான்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பெடல் கெட்டியாகவே இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது, கருகின வாடை அடிக்கிறது என்றால் அது வேறு வியாதி. பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் மெத்தென்று போனால் ஃப்ளூயிட். கெட்டியாக இருந்து நிற்காவிட்டால் பேட். மெக்கானிக்கிடம் "பிரேக் சரியில்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள், கால் என்ன உணர்ந்தது என்று சொல்லுங்கள்.

அந்தத் தம்பியின் வண்டிக்கு இரண்டு வாரம் முன்னால்தான் வேறொரு இடத்தில் புது பேட், புது டிஸ்க் போட்டிருந்தார்கள். பில்லைக் காட்டினான், நல்ல தொகை. ஃப்ளூயிடை யாரும் தொடவில்லை. மூடியைத் திறந்தேன். புதுசு விளக்கெண்ணெய் நிறத்தில் இருக்கும், இது கடுங்காப்பி. நிறத்தை மட்டும் நம்பக்கூடாது, ஈரம் பார்க்கிற சின்ன டெஸ்டர் இருக்கிறது, அதை முக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பட்டறைப் பையனை உள்ளே உட்கார வைத்து மிதிக்கச் சொல்லி, ஃப்ளூயிடை வெளியே எடுக்கிற பிளீடர் நட்டில் உள்ளே இருப்பது தெரிகிற குழாய் சொருகி, பழையது முழுக்க வெளியேறிப் புதுசு தெளிவாக வருகிறவரை நாலு சக்கரத்திலும் எடுத்தோம். சில வண்டிகளில், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் யூனிட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் காற்றை எடுக்க, வண்டிக் கம்ப்யூட்டரோடு பேசுகிற ஸ்கேனரை வைத்து அதன் பம்பை ஓட்ட வேண்டும், அது இல்லாமல் இப்படி எடுத்தால் பெடல் சரியாக வராது. ஆன செலவு அந்த பில்லில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். கீழே சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்டைத் தின்றுவிடும்.

லாரிக்காரர்கள் சொல்வார்கள், ஏறின கியரிலேயே இறங்கு என்று. ஆட்டோமேட்டிக் வண்டியிலும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு இறக்கை மாதிரி இருக்கிறதே, அது அழகுக்கு இல்லை, கியர் மாற்ற. இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் இரண்டாவது கியரில் இறங்கிப் பாருங்கள்.

அடுத்தவர் தப்பை இவ்வளவு நேரம் சொன்னேன், என் தப்பையும் சொல்ல வேண்டும். இன்ஜின் பின்னால் இருக்கிற ஒரு வண்டி. மலை ஏறும்போது மட்டும் சூடு முள் மேலே போகிறது, ஊருக்குள் ஓட்டினால் ஒன்றுமில்லை. இன்ஜின் தண்ணீர் ஓட்டத்தைச் சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். சரியாகவில்லை. வாட்டர் பம்ப் மாற்றினேன். அதுவும் இல்லை. உரிமையாளர் நல்ல மனிதர், கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. மூன்றாம் முறை முன் பம்பரைக் கழற்றினேன். இன்ஜின் பின்னால் இருந்தாலும் அந்த வண்டிக்கு ரேடியேட்டர் முன்னால்தான், பம்பரின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கையை விட்டால் சில்வர் ஓக் இலை, கொத்துக் கொத்தாக வந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து நிழல் மரம் அது. வண்டி வாராவாரம் அந்தத் தோட்டங்களின் நடுவே ஓடியிருக்கிறது. இலை நனைந்து மட்கி, எருக்குழி வாடையே அடித்தது. பிரஷ்ஷும் மெதுவான காற்றும் வைத்துச் சுத்தம் செய்ததோடு சூடு இறங்கிவிட்டது. பம்ப் காசை நான் வாங்கவில்லை.

இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணீர், அதாவது கூலன்ட், அதன் மூடியை மட்டும் சூட்டில் திறக்காதீர்கள். வண்டி நின்றுவிட்டது, அருவித் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது என்று அவசரப்படுகிறவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் அழுத்தத்தால்தான் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் தளர்த்தின நொடியில் முகத்தில் அடிக்கும்.

மிஸ் அடிக்கிற வண்டி அடுத்தது, ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாத வண்டி. இன்ஜின் விளக்கு எரிகிறது, பிக்கப் இல்லை, நின்றால் குலுங்குகிறது. ஸ்கேனர் போட்டால் பி0301 என்று ஒரு கோட் நம்பர் வரும். முதல் சிலிண்டரில் மிஸ் என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் பிளக்குக்குக் கரண்ட் தருகிற காயில் மாற்று, பிளக் மாற்று, இன்ஜெக்டர் மாற்று என்று பட்டியல் போடுகிறார்கள். எங்கே வலிக்கிறது என்று ஸ்கேனர் சொல்லும், ஏன் வலிக்கிறது என்று சொல்லாது. நான் செய்வது பைசா செலவில்லாத வேலை. முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுவேன், மூன்றாவதை முதலில். ஸ்கேனரில் அந்த நம்பரை அழித்துவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டுவேன். இப்போது பி0303 வந்தால் காயில்தான் கெட்டது, அதோடு சேர்ந்து இடம் மாறியிருக்கிறது. நம்பர் முதல் சிலிண்டரிலேயே நின்றால் காயில் பாவம், அதை விட்டுவிட்டு அடுத்து பிளக்கை இடம் மாற்றிப் பார்க்கலாம். இருபது நிமிஷம்.

பேட்டரி பற்றி அதிகம் இல்லை. இந்த வண்டிகள் வாரம் முழுக்க ஷெட்டில் தூங்கும். நன்றாக சார்ஜான பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. வோல்டேஜ் குறைந்தால் டாஷ்போர்டில் பத்து எச்சரிக்கை விளக்கு ஒன்றாக எரியும், கியர்பாக்ஸ் போய்விட்டது என்று பயப்படுவீர்கள். முதலில் பேட்டரியை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

டயர் விஷயமும் அப்படித்தான். பட்டன், அதாவது தரையில் படுகிற கட்டைகள், புதுசாக இருக்கும், ரப்பர் கிழமாகியிருக்கும். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் வருஷம் 23ஆவது வாரத்தில் செய்தது. சேலத்து வெயிலில் நின்ற அந்த ரப்பரை நம்பி வளைவில் திருப்ப நான் மாட்டேன்.

அந்தத் தம்பி இப்போது மாதம் ஒருமுறை வருகிறான், ரிப்பேர் இல்லாமலே. அவன் வண்டியில் எடுத்த பழைய ஃப்ளூயிடை ஒரு பாட்டிலில் ஊற்றி, பையன்களுக்குக் காட்டுவதற்காக அலமாரியில் வைத்திருக்கிறேன். சித்திரை வெயிலில் வந்த ஒருவர் அதைக் கையில் எடுத்து, "நன்னாரிங்களா?" என்று கேட்டார். அன்றைக்கே "விஷம்" என்று எழுதி ஒட்டினேன். வணக்கம்.