கொழுப்பு ஊதும் சங்கு

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்தும்போதே 'பருத்திதான் சார், வியர்க்காது' என்று காதோடு சொன்ன நகர்மன்றத் துணைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கும் என் பழைய மாணவர்களே, வணக்கம். பெயர் விட்டுப்போன பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

லெப்டின், அடிப்போனெக்டின், சிகிச்சை என்று நோட்டீஸில் மூன்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். முதல் இரண்டும் நம் உடம்புக் கொழுப்பு சுரக்கும் ஹார்மோன்கள். தொப்பையைச் சும்மா சுமக்கும் மூட்டை என்று நினைக்கிறோம். இல்லை ஐயா, அது ஒரு சுரப்பி!

அமெரிக்காவில் பார் ஹார்பர் என்று ஓர் ஊர். அங்கே ஜாக்சன் ஆய்வகத்தில் டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி. சர்க்கரை நோய் வந்த குண்டு எலி ஒன்றையும் சாதாரண எலி ஒன்றையும் விலாவோடு விலா சேர்த்துத் தைத்துவிட்டார். சிரிக்காதீர்கள், சம்பந்தம் பண்ணினால் கொடுக்கல் வாங்கல் இருக்குமல்லவா? ரத்தம் இங்கும் அங்கும் போய்வந்தது. குண்டன் தின்றுகொண்டே இருந்தான். ஒல்லியோ, எதிரே தீனி கிடக்க, பட்டினி கிடந்தே செத்துப்போனான்! 'போதும், போதும்' என்ற சேதி குண்டன் ரத்தத்தில்தான் ஓடியது. ஒல்லிக்குக் கேட்டது, உரியவனுக்குக் கேட்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு! அந்தச் சங்கை 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்து லெப்டின் என்று பெயர் வைத்தது. 'லெப்டோஸ்' என்றால் கிரேக்கத்தில் ஒல்லி.

லெப்டினே சுரக்காமல் பிறந்த ஒன்பது வயதுச் சிறுமி 94 கிலோ இருந்தாள். இங்கிலாந்தில் லெப்டின் ஊசி போட்டதும் எடை இறங்கியது. நமக்கும் போடலாமே என்பீர்கள். நம் தொப்பை பெருக்கப் பெருக்க லெப்டினும் பெருகத்தான் செய்கிறது. சங்குக்குப் பஞ்சமில்லை, காதுதான் அடைத்திருக்கிறது.

அடிப்போனெக்டின் நேர் எதிர்: கொழுப்பு கூடினால் அது குறையும், இன்சுலினுக்கு இருந்த துணை இல்லாமல் போய்விடும். பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை நோய் மாத்திரை அதைக் கூட்டும். விவரம் பிறகு சொல்கிறேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில் தமிழ்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குச் சர்க்கரை. நடந்தால் இன்சுலின் தயவில்லாமலே தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். எங்கே நடப்பது? பள்ளி மைதானத்தில் பாதி டூவீலர் ஸ்டாண்டு ஆகிவிட்டது. மீதியையும் கேட்கிறார்கள். நான்கு மனு கொடுத்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்! துணைத் தலைவர் தவறாக நினைக்கக் கூடாது, பொன்னாடைக்கு நன்றி.

ஐந்தாவது மனு வாசலில், சுண்டல் கொடுக்கும் மேசையில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.