கீமோ கொடுக்கும் செவிலியருக்கு நிறுத்தத் தெரிய வேண்டும்

[திரையில்: சிவப்பு நிற மருந்து நிரப்பிய சிரிஞ்ச். கேமரா மெதுவாக நெருங்குகிறது.]

இது டாக்ஸோரூபிசின். மார்பகப் புற்றுநோய், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று பல புற்றுநோய்களுக்குக் கொடுக்கப்படும் கீமோ மருந்து. ரத்தக்குழாய்க்குள் போகும்வரை இது மருந்து. குழாயை விட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துத் தோலையும் தசையையும் அரித்துவிடும். புண் மாதக்கணக்கில் ஆறாது. சிலருக்குத் தோல் ஒட்டு அறுவை சிகிச்சை வரைக்கும் போய்விடும்.

இந்த மருந்தை நோயாளியின் உடலுக்குள் செலுத்துவது பெரும்பாலும் செவிலியர்தான்.

கீமோ செவிலியருக்கு என்ன திறமை வேண்டும் என்று கேட்டால், ஒரே குத்தில் கேனுலா, அதாவது ரத்தக்குழாய்க்குள் வைக்கும் சிறு குழாய், போடத் தெரிய வேண்டும் என்பார்கள் பலர். அதுவும் வேண்டும்தான். ஆனால் என் கணக்கில் முதலிடம் நிறுத்தத் தெரிவதற்கு. சில நாள் தொடங்காமலே நிறுத்த வேண்டியிருக்கும், சில நாள் பாதியில். எப்போது, எதைப் பார்த்து நிறுத்துவது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: மருந்துச் சீட்டும் ரத்தப் பரிசோதனை முடிவும் அருகருகே.]

மருந்துப் பை வார்டுக்கு வந்துவிட்டது. உடனே மாட்டிவிடாதீர்கள். முதலில் கணக்கு.

கீமோ மருந்துகளில் பலவற்றின் அளவு உடல் பரப்பளவை வைத்துத்தான் முடிவாகிறது. உயரத்தை சென்டிமீட்டரிலும் எடையை கிலோவிலும் எடுத்துப் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். 160 செ.மீ. உயரம், 60 கிலோ எடை என்றால் 1.63 சதுர மீட்டர். கணக்கு சுலபம். தவறு நடப்பது எடையில். போன சுற்றில் எழுதிய எடையை அப்படியே பார்த்து எழுதிவிடுவது எளிது, ஆனால் இடையில் வாய்ப்புண்ணும் வாந்தியுமாக நோயாளி எவ்வளவு இளைத்திருக்கிறாரோ! இன்றைக்கு எடை போட்டுப் பாருங்கள். 10 சதவீதம் மாறியிருந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவை மறுபடி கணக்கிட வேண்டும். சில மருத்துவமனைகளில் 5 சதவீதத்துக்கே அப்படிச் செய்கிறார்கள்.

அடுத்தது வெள்ளையணுக்கள். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மொத்தம் 2,400, அதில் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வகை 45 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1,080. பல சிகிச்சைத் திட்டங்கள் 1,500 இருந்தால்தான் அடுத்த சுற்றைத் தொடங்கச் சொல்லும், சிலவற்றில் 1,000 போதும். ஆக இந்த 1,080ஐ வைத்துக்கொண்டு நாமாக முடிவெடுக்க முடியாது, மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் அப்படித்தான். சிஸ்பிளாட்டின் போகிறது என்றால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. டாக்ஸோரூபிசின் என்றால் இதுவரை மொத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராமைத் தாண்டும்போது இதயம் பலவீனமாகும் ஆபத்து வேகமாக ஏறுகிறது.

இதையெல்லாம் இரண்டு செவிலியர்கள் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். ஒருவர் வாசிக்க மற்றவர் தலையாட்டினால் அது சரிபார்ப்பே இல்லை.

வின்கிரிஸ்டினைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். இது ரத்தக்குழாய் வழியாக மட்டுமே போக வேண்டிய மருந்து. முதுகுத்தண்டு வழியாகப் போனால் ஏறக்குறைய எல்லோருக்கும் மரணம்தான். முதுகில் போட வேண்டிய வேறொரு மருந்தும் இதுவும் ஒரே நேரத்தில் படுக்கை அருகே இருந்து, சிரிஞ்ச் மாறிப்போய் உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007இல், வின்கிரிஸ்டினை சிரிஞ்சில் கொடுக்காமல் சிறிய சலைன் பையில் கலந்து கொடுக்கச் சொன்னது. பையைக் கொண்டுபோய் முதுகில் குத்திய ஊசியில் மாட்ட யாருக்கும் தோன்றாது இல்லையா? உங்கள் வார்டில் இன்னும் சிரிஞ்சில் வருகிறதென்றால், அதைக் கேள்வி கேட்கும் முதல் ஆள் நீங்களாக இருங்கள்.

ஆக்ஸாலிபிளாட்டினுக்கும் ஒரு விதி உண்டு. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான், அதாவது குளுக்கோஸ் நீரில்தான், கலக்க வேண்டும், சலைன் ஆகாது. மருந்து முடிந்ததும் குழாயைக் கழுவுவதும் டெக்ஸ்ட்ரோஸால்தான்.

[திரையில்: முன்கையின் படம். முழங்கை மடிப்பும் மணிக்கட்டும் சிவப்பில்.]

சரி, எண்கள் எல்லாம் ஒத்துவந்தன. இப்போது கேனுலா. முன்கைதான் நல்ல இடம். முழங்கை மடிப்பில் ரத்தக்குழாய் தடியாகத் தெரியும், குத்தச் சொல்லி ஆசை காட்டும். ஆனால் அங்கே கசிந்தால் ஆழத்தில் பரவும், வீக்கம் வெளியே தெரிவதற்குள் நிறைய மருந்து போயிருக்கும். மணிக்கட்டிலும் புறங்கையிலும் தோலுக்குக் கீழேயே தசைநாணும் நரம்பும் இருக்கின்றன. மார்பக அறுவை சிகிச்சையில் அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கையையும் தவிர்க்க வேண்டும்.

ஒரு இடத்தில் குத்தித் தவறிவிட்டால், அடுத்த குத்து அதே குழாயில் அதற்குக் கீழே கூடாது. முதலில் போட்ட ஓட்டை வழியாக மருந்து வெளியே வரும். மேலே போங்கள், அல்லது மறு கை. நேற்றே போட்ட கேனுலா வேண்டாம், புதிதாகப் போடுங்கள். மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்திரி ஒட்டுங்கள். பஞ்சு வைத்து மூடிவிட்டால் வீக்கம் எப்படித் தெரியும்?

மருந்துக்கு முன் சலைன் செலுத்தி, ரத்தம் திரும்பி வருகிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் திசுவை அரிக்கும் மருந்து அந்த வழியில் போகக் கூடாது. வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ட்ரிப்ஸின் பக்கவாட்டு வழியில் மெதுவாகச் செலுத்துங்கள். 2 முதல் 5 மில்லிலிட்டருக்கு ஒருமுறை மறுபடி இழுத்துப் பாருங்கள்.

[திரையில்: நோயாளி கையைப் பார்த்துப் பேசுகிறார்.]

"சிஸ்டர், கொஞ்சம் எரியுது."

இதற்கு "மருந்து அப்படித்தாம்மா இருக்கும்" என்று பதில் சொல்லிவிடாதீர்கள். எரிச்சல், குத்தல், வீக்கம், ட்ரிப்ஸ் வேகம் குறைவது, ரத்தம் திரும்பாமல் இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே நிறுத்த வேண்டும்.

நிறுத்தியதும் பதற்றத்தில் கேனுலாவை உருவிவிடுவார்கள். உருவக் கூடாது. குழாயை மட்டும் கழற்றி, சிறிய சிரிஞ்சை மாட்டி, உள்ளே தேங்கிய மருந்தை முடிந்தவரை உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகுதான் கேனுலா வெளியே. அந்த இடத்தை அழுத்தவோ தேய்க்கவோ வேண்டாம். வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து, புகைப்படம் எடுத்து, கையை உயர்த்தி வையுங்கள். இதற்கிடையே ஒருவர் மருத்துவரைக் கூப்பிடட்டும்.

ஒத்தடத்தில்தான் குழப்பம் வரும். டாக்ஸோரூபிசின், எபிரூபிசின் கசிந்தால் குளிர் ஒத்தடம், ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், நாளுக்குப் பல தடவை. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் கசிந்தால் வெதுவெதுப்பான ஒத்தடம். இங்கே குளிர் வைத்தால் சேதம் கூடும். முதல் வகைக்கு டெக்ஸ்ராசோக்ஸேன் என்ற முறிமருந்து உண்டு. 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், மறு கையில் ஏற்ற வேண்டும், அதற்குக் கால் மணி நேரம் முன்பே குளிர் ஒத்தடத்தை எடுத்துவிட வேண்டும். இரண்டாம் வகைக்கு ஹயலூரோனிடேஸ். இவற்றைக் கீமோ அறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்துவிடுவது நல்லது, அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது. புண் சில நாள் கழித்தும் வரலாம், அதனால் வீட்டுக்கு அனுப்பிய பிறகும் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

டாக்ஸோரூபிசின் போகும்போது சிலருக்கு ரத்தக்குழாய் நெடுகச் சிவப்புக் கோடும் அரிப்பும் வரும். ரத்தம் நன்றாகத் திரும்பும், வீக்கம் இருக்காது, கொஞ்ச நேரத்தில் அடங்கும். இது கசிவு இல்லை. ஆனாலும் நிறுத்திப் பார்த்துவிட்டே அந்த முடிவுக்கு வாருங்கள்.

[திரையில்: கடிகாரம். பத்து நிமிடம் நிழலிடப்பட்டிருக்கிறது.]

அப்புறம் ஒவ்வாமை. பாக்லிடாக்ஸெல் என்றால் முதல் அல்லது இரண்டாம் சுற்றில், மருந்து ஓடத் தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் வந்துவிடும். அந்தப் பத்து நிமிடம் படுக்கையை விட்டு நகராதீர்கள். கார்போபிளாட்டின் நேர்மாறு. ஆறேழு சுற்று அமைதியாகப் போன பிறகு வரும். "இவருக்கு இதெல்லாம் பழகிப்போச்சு" என்று நினைக்கும் நாளில்தான் கவனம் வேண்டும்.

முகம் சிவப்பது, உள்ளங்கை அரிப்பது, நெஞ்சு இறுக்கம், முதுகுவலி, சில சமயம் காரணமில்லாத ஒரு பயம். மருந்தை நிறுத்துங்கள், ஊசி வழி அப்படியே இருக்கட்டும், புதுக் குழாயில் சலைன் ஓடட்டும். ரத்த அழுத்தம் விழுந்தாலோ மூச்சு திணறினாலோ அட்ரினலின், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில். ரத்த அழுத்தம் விழுந்தவரைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். எழுந்து நிற்க விடாதீர்கள்.

யாரையும் கேட்காமல் நிறுத்தலாமா என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தலாம். மறுபடி தொடங்குவதற்குத்தான் அனுமதி வேண்டும்.

[திரையில்: இரட்டைக் கையுறை, கவுன், கண்ணாடி.]

உங்கள் பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். கீமோவுக்கென்று சோதிக்கப்பட்ட கையுறை இரண்டு ஜோடி, ஒன்று கவுன் கைக்குள்ளே, மற்றது மேலே. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தொங்கும் பையில் குழாயைக் குத்தினால் முகத்தில் தெறிக்கும், தட்டில் வைத்துக் குத்துங்கள். நோயாளியின் சிறுநீர், மலம், வாந்தியை 48 மணி நேரம் கையுறையோடுதான் கையாள வேண்டும். இதை வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கும் சொல்லி அனுப்புங்கள்.

பக்கவிளைவுகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்கூட ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. "மரத்துப்போகுதா?" என்றால் "இல்ல சிஸ்டர்" என்பார். "சட்டைப் பொத்தான் போட முடியுதா?" என்று கேளுங்கள், உண்மை வரும். சிஸ்பிளாட்டின் ஏற்றிய அன்று வாந்தி இல்லை என்று நிம்மதியாக அனுப்பிவிடாதீர்கள், இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை வரக்கூடியது அது.

[திரையில்: இரவு. அலைபேசி ஒலிக்கிறது.]

கடைசியாக, வீட்டிலிருந்து வரும் அழைப்பு. பல மருந்துகளுக்கு 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது கிருமி புகுந்தால் சீழ் பிடிக்காது, சிவக்காது, எக்ஸ்ரேகூடச் சுத்தமாக இருக்கலாம், ஏனென்றால் அதையெல்லாம் உண்டாக்கும் அணுக்களே இல்லை. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். ஒரே அளவீட்டில் 38.3 டிகிரி செல்சியஸ், அதாவது 101 ஃபாரன்ஹீட், அல்லது ஒரு மணி நேரம் 38 டிகிரியில் நின்றால் அவசரநிலை. ஸ்டீராய்டு எடுப்பவருக்கும் வயதானவருக்கும் காய்ச்சலே வராமல் நடுக்கம், குழப்பம் மட்டும் இருக்கலாம்.

போனில் கேட்க வேண்டியது: இப்போது எத்தனை டிகிரி? கீமோ ஏற்றி எத்தனை நாள்? பாராசிட்டமால் போட்டாரா? போட்டிருந்தால் எண் குறைவாகக் காட்டும், அதை நம்பாதீர்கள். நடுக்கம் உண்டா? போர்ட், அதாவது மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைத்த கருவி, அல்லது குழாய் இருக்கிறதா?

"காலையில் வாங்க" என்று சொல்லக் கூடாது. வந்ததும் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆசனவாய் வழியாகத் தெர்மாமீட்டரோ மாத்திரையோ வேண்டாம், அந்த மென்தோல் கிழிந்தால் அதுவே கிருமிக்கு வாசல். போனை வைப்பதற்கு முன் இதையும் சொல்லுங்கள்: அவசரப் பிரிவு வாசலில் வரிசையில் உட்கார வேண்டாம், "கீமோ போட்டு இத்தனை நாள் ஆச்சு, காய்ச்சல் இருக்கு" என்று முதலில் பார்க்கும் ஆளிடமே சொல்லச் சொல்லுங்கள்.