அழுகிறவருக்கு அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாதீர்கள்

பெண்களுக்கான ஆதரவுக் குழுக்களை நடத்தப் போகிறவர்கள் வந்திருக்கிறீர்கள். பெரும்பாலோர் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள். எனக்குக் கவலையே அதுதான்.

மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடம் சுமார் ஒன்றரை மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளை பெற்ற பெண்களில் 100க்கு 13 பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் வருகிறது. இத்தனை பேர் இருந்தும், குழுவுக்கு வருகிற ஒவ்வொருவரும் "எனக்கு மட்டும்தான் இப்படி" என்று நினைத்துக்கொண்டே வருகிறார். "குழந்தை அழுதால் பாசம் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது" என்று ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்லும்போது, எதிரே இருப்பவர் "எனக்கும்" என்கிறார் பாருங்கள், அந்த ஒரு சொல்தான் மருந்து. அதை நடத்துநரால் கொடுக்க முடியாது.

1905இல் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் காசநோயாளிகளைக் கூட்டினார். சுகாதாரப் பாடம் நடத்தத்தான். ஆனால் ஒருவரையொருவர் பார்த்ததிலேயே அவர்களுக்குத் தெம்பு வந்ததைக் கவனித்தார். நாம் இன்னும் பாடம் நடத்தவே துடிக்கிறோம்!

ஒருவர் அழ ஆரம்பித்ததும் பக்கத்தில் இருப்பவர் தோளைத் தட்டி, "எல்லாம் சரியாகிவிடும், கணவரிடம் மனம்விட்டுப் பேசிப் பாருங்களேன்" என்பார். நல்ல மனதோடுதான் சொல்கிறார். அழுதவரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஆமாம்" என்று முடித்துவிடுவார். அப்புறம் அவர் வாயைத் திறக்கமாட்டார். அந்த இடத்தில், "யோசனை அப்புறம் சொல்லலாம், இதைக் கேட்கும்போது உங்களுக்குள் என்ன தோன்றுகிறது?" என்று யோசனை சொன்னவரிடம் மெதுவாகத் திருப்புங்கள். பதில் வராவிட்டால் காத்திருங்கள். அரை நிமிட மௌனம் நடத்துநருக்குத்தான் நீளம்.

எட்டுப் பத்துப் பேர், ஒன்றரை மணி நேரம், வட்டமாக நாற்காலி. இவ்வளவு போதும். இங்கே பேசியது வெளியே போகாது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவியை அழைப்பேன் என்பதையும் அன்றே சொல்லுங்கள். இடையில் சொன்னால் துரோகமாகத் தெரியும்.

யாராவது "இருந்து என்ன பயன்" என்று சொன்னால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் மனநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். அதைக் குழு மட்டும் தாங்காது.

இன்னொன்று. செருப்பு மாட்டும்போதுதான் சிலர் முக்கியமானதைச் சொல்வார்கள். அதனால் கூட்டம் முடிந்ததும் உடனே விளக்கை அணைத்துவிடாதீர்கள்.