யானை வரும் பின்னே: நிக் சேபனும் ஆபர்ன் ரசிகர்களும்

விழாத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்ற செயலாளர் அவர்களே, பேராசிரியர் ஐயா அவர்களே, பந்தி முடித்துக் கை கழுவிய ஈரத்தோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சமையல் குழுத் தாய்மார்களே, அலபாமாவின் நாலா பக்கத்திலிருந்தும் வந்திருக்கும் தமிழ்ச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம். பேராசிரியர் ஐயா டஸ்கலூசாவில், அலபாமா பல்கலைக்கழகத்தில் படித்தவர்; நான் அதன் பரம எதிரியான ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் படித்தவன். இருந்தும் ஒரே மேடையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெருந்தன்மைக்குத் தனியாக ஒரு வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். 2007இல் அலபாமா தன் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு நிக் சேபனைப் பயிற்சியாளராக எடுத்தது, அவர் ஆள் சேர்த்த முறை, அதிலிருந்து ஆபர்ன் கற்றுக்கொள்ளாத பாடம்.

அலபாமா அணியின் சின்னம் யானை. ‘யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே’ என்று நம் பாட்டிமார் சொன்னது இவர்களுக்கு அப்படியே பொருந்தும்.

அந்த நாளை நினைத்துப் பாருங்கள். அலபாமாவின் பழைய பயிற்சியாளர் மைக் ஷுலாவை அனுப்பியாகிவிட்டது. அடுத்து அழைத்த ரிச் ரோட்ரிகஸ் வர மறுத்துவிட்டார். மயாமி டால்பின்ஸ் என்ற தொழில்முறை அணியில் பயிற்சியாளராக இருந்த சேபனோ, 2006 டிசம்பரில், ‘நான் அலபாமாவுக்குப் போகப் போவதில்லை’ என்று நிருபர்களிடம் அடித்துச் சொன்னார். பதினைந்து நாள்கூட ஆகவில்லை, 2007 ஜனவரி 3ஆம் தேதி டஸ்கலூசாவில் வந்து இறங்கினார். எட்டு ஆண்டுக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர். நம் ஆபர்ன்காரர்கள் சிரித்தார்கள். ‘சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர், இரண்டே வருஷத்தில் இங்கிருந்தும் ஓடிவிடுவார்’ என்றார்கள். அப்போது நாம் அலபாமாவைத் தொடர்ந்து ஐந்து வருஷம் வென்றிருந்தோம். அந்த 2007 நவம்பரிலும் 17–10 என்று ஆறாவது முறை வென்றோம். அதற்கு முந்தின வாரம்தான் லூசியானா-மன்ரோ என்ற சின்ன அணியிடம் சேபன் தோற்றிருந்தார். சிரிப்புக்குக் கேட்பானேன்!

ஆனால் மணி அந்த 2007 ஏப்ரலிலேயே அடித்துவிட்டது. வசந்தகாலப் பயிற்சி ஆட்டம், எதிரணி கிடையாது, தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடுவது. அதைப் பார்க்க 92 ஆயிரம் பேர் வந்தார்கள். அந்த ஓசை நம் ஊருக்கும் கேட்டது, காதில் போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை. அடுத்த வருஷம் 36–0 என்று தோற்றோம். நம் பயிற்சியாளர் டாமி டியூபர்வில் சில நாளில் பதவி விலகினார். அலபாமாவில் மட்டும் சேபன் ஆறு முறை தேசியப் பட்டம் வென்றுவிட்டுத்தான், 2024இல் ஓய்வு பெற்றார்.

நம் பக்கம் ஒன்றுமே இல்லையா? 2013 நவம்பர் 30 இருக்கிறதே! ஆட்டம் 28–28. கடைசி ஓட்டத்தில் அலபாமா வீரர் எல்லைக்கோட்டைத் தாண்டும்போது கடிகாரம் பூஜ்யம் காட்டுகிறது. சேபன் விடவில்லை. இன்னும் ஒரு நொடி பாக்கி என்று நடுவரிடம் வாதாடினார். நடுவர்கள் வீடியோவைப் பார்த்தார்கள், அந்த ஒரு நொடியைக் கொடுத்தார்கள். 57 யார்டு தூரத்திலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கச் சொன்னார் சேபன். நம் பயிற்சியாளர் கஸ் மால்சானோ, உதை குறையாகப் போனால் பிடிக்கட்டும் என்று நம் வீரர் கிறிஸ் டேவிஸைக் கம்பத்துக்கு அடியில் நிறுத்தினார். பந்து மேலே போகிறது… போகிறது… கம்பத்தை எட்டவில்லை! டேவிஸ் கையில் விழுந்தது. ஓடினார் ஐயா, ஓடினார்! இடதுபக்கக் கோட்டை ஒட்டி, மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை! அலபாமா வரிசையில் நின்றவர்கள் உதைக்கு அரண் நிற்கும் கனத்த ஆட்கள், அவர்களால் பிடிக்க முடியுமா? 34–28! எங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என் மாமியார் எழுந்து வந்து, ‘என்ன மாப்பிள்ளை, யாருக்கு என்ன ஆச்சு?’ என்றார். ஆபர்ன் வென்றால் நாம் டாய்லெட் காகிதம் வீசிக் கொண்டாடும் டூமர்ஸ் கார்னர் அன்றிரவு வெள்ளையாகிவிட்டது. பேராசிரியர் ஐயா தலையைக் குனிகிறார், மன்னிக்க வேண்டும்.

அந்த வெற்றியைத் தந்த மால்சானை 2020இல், ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே, நீக்கினோம். அதற்கு ஒப்புக்கொண்ட தொகை 2 கோடியே 14 லட்சம் டாலருக்கு மேல். பாதியை முப்பதே நாளில் கொடுக்க வேண்டும். அவருக்கு முந்தின பயிற்சியாளர், தேசியப் பட்டம் வாங்கித் தந்த ஜீன் சிசிக்கை இரண்டே வருஷத்தில் அனுப்ப 75 லட்சம். பதவி விலகிய டியூபர்வில்லுக்கும் ஏறத்தாழ 50 லட்சம். மால்சானுக்குப் பின் வந்த பிரையன் ஹார்சினுக்கு 2022இல் ஒன்றரைக் கோடிக்கு மேல். கூட்டிப் பாருங்கள், வேலை செய்யாமல் இருப்பதற்காக ஐந்து கோடி டாலரை நெருங்குகிறது! எல்லாம் இன்னொரு சேபனைத் தேடித்தான். அவர் முதல் வருஷம் ஆறு ஆட்டம் தோற்றபோது அலபாமா பொறுத்துக்கொண்டதே, அதை நாம் பார்க்கவில்லை.

‘அரசுப் பணமா? டிக்கெட், தொலைக்காட்சி, நன்கொடைப் பணம்தானே?’ என்பார்கள். நன்கொடை கொடுப்பது யார்? நானும் நீங்களும். மணியோசை வரும் முன்னே என்றேனே, ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் அன்றே இந்த நஷ்டத்தின் மணி அடித்துவிடுகிறது. ஆகவே நான் கேட்பது இரண்டு. நீக்கும் தொகை ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. நீக்கப்பட்டவருக்கு வேறு வேலை கிடைத்தால், அந்தச் சம்பளத்தை இதில் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஆள் சேர்த்த முறையைப் பற்றிப் பேச நேரமில்லை, செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். ஆபர்ன் அறங்காவலர் குழுவுக்கு அனுப்பும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. ஆபர்னில் படித்தவர்களும் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்களும் போகும்போது கையெழுத்துப் போடுங்கள். டஸ்கலூசாக்காரர்கள் தங்கள் பல்கலைக்கழகத்துக்கு இதேபோல எழுத விரும்பினால், நகல் தருகிறேன். நன்றி, வணக்கம்.