வெம்பி விழும் பிஞ்சைப் பிளந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் பூசணியோ பறங்கியோ ஸ்குவாஷோ வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பிஞ்செல்லாம் மஞ்சளாகி வெம்பி விழுந்துவிடுகின்றன, என்ன மருந்து அடிக்கலாம்?" மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால், விழுந்த பிஞ்சு ஒன்றை எடுத்து, கத்தியால் நெடுக்காகப் பிளந்து பார்க்கும்படி சொல்வது என் வழக்கம். ஏனென்றால், வெளியே ஒரேபோலத் தோன்றும் இந்த உதிர்வுக்கு உள்ளே இருவேறு காரணங்கள் இருக்கின்றன. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்குக் கேடாகவே முடியும்.

பிளந்த பிஞ்சின் சதை சுத்தமாக இருந்து, புழுவோ துளையோ அழுகிய தடமோ எதுவும் இல்லையென்றால், அங்கே பூச்சியின் வேலை ஒன்றுமில்லை. மகரந்தம் சேரவில்லை என்பதுதான் பெரும்பாலும் பொருள். பூசணிக் கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கின்றன. பெண் பூ விடியற்காலையில் விரிந்து, உச்சிவேளைக்கு முன்பே சுருங்கிவிடுகிறது. மறுநாள் அது விரிவதில்லை. அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீக்கள் பலமுறை வந்து போனால்தான் பிஞ்சு நிற்கும். அரைகுறையாக மகரந்தம் சேர்ந்தால் காய் ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சூம்பிப்போகும். இதைப் பூச்சித் தாக்குதல் என்று எண்ணிக் காலை வேளையில் மருந்து அடிப்பவர், வர வேண்டிய தேனீயையும் கொன்றுவிடுகிறார். அடுத்த வாரம் இன்னும் அதிகமாகப் பிஞ்சு விழுகிறது. அவரும் இன்னும் அதிகமாக மருந்து அடிக்கிறார். இந்தச் சுழலில் சிக்கிய தோட்டங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். செய்ய வேண்டியது மிக எளிது. காலை ஒன்பது மணிக்குள் புதிதாக விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுவே உள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவே உள்ள சூல்முடியில் மெல்லத் தடவிவிடுங்கள். கொடியில் ஏற்கெனவே பெரிய காய்கள் இருந்தால், அது தன் சக்திக்கு மிஞ்சிய பிஞ்சுகளைத் தானாகவே உதிர்க்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

பிளந்ததும் உள்ளே வெண்ணிறப் புழுக்கள் நெளிந்தால், அது பழ ஈ. முற்றிய புழுவைத் தரையில் விட்டால், உடலை வில்லாக வளைத்துச் சட்டென்று துள்ளிக் குதிப்பதைக் காணலாம். இந்த ஈ, இளம் பிஞ்சின் தோலைத் தன் முட்டையிடும் உறுப்பால் குத்தி, தோலுக்குச் சற்றுக் கீழே முட்டைகளை வைக்கிறது. குத்திய இடத்தில் பிசின் போன்ற ஒரு துளி கசிந்து உறைந்திருக்கும். அதைத் துடைத்துப் பார்த்தால் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி தெரியும். புழு சதையைத் தின்று முற்றியதும் காயிலிருந்து வெளியேறி மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழு ஆகிறது. வெப்பமான பருவத்தில் முட்டை ஈயாக மாறுவதற்கு ஏறக்குறைய 3 வாரங்கள் போதும். ஆகவே விழுந்த பிஞ்சைக் கொடியின் அடியிலேயே விட்டுவைப்பது அடுத்த தலைமுறை ஈக்களை நாமே வளர்ப்பதற்குச் சமம். அவற்றை எருக்குழியில் போடுவதும் தவறு. நெகிழிப் பையில் போட்டு இறுகக் கட்டிப் பல நாட்கள் வெயிலில் வைக்க வேண்டும், அல்லது 2 அடி ஆழத்தில் புதைக்க வேண்டும்.

பழ ஈயின் நடத்தையில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அது நாள் முழுவதும் பூசணிக் கொடியிலேயே குடியிருப்பதில்லை. பக்கத்தில் உயரமாக, நிழலாக வளர்ந்திருக்கும் செடிகளில்தான் தங்குகிறது. முட்டையிடுவதற்கு மட்டுமே கொடிக்கு வந்துபோகிறது. புழுவோ காயின் சதைக்குள் பத்திரமாக இருக்கிறது. எனவே கொடியின் மேல் எவ்வளவு மருந்து தெளித்தாலும், ஈ மீதும் படுவதில்லை, புழு மீதும் படுவதில்லை. வீட்டில் நாலைந்து கொடி வைத்திருப்பவருக்கு என்னைக் கேட்டால் உறையிடுவதைவிட நல்ல வழி இல்லை. மகரந்தம் சேர்ந்த இரண்டு மூன்று நாட்களில், பிஞ்சு பருக்கத் தொடங்கியதும், காகிதப் பையோ மெல்லிய துணிப் பையோ மாட்டி, காம்பைச் சுற்றி இடைவெளி இல்லாமல் கட்டிவிட வேண்டும். காய் பருக்கப் பருக்கப் பையையும் பெரிதாக மாற்றி, தோல் கெட்டிப்படும் வரை வைத்திருந்தால் போதும்; அதன் பிறகு ஈ குத்துவது கடினம். அத்துடன், கொடியின் அடி மண்ணை வேர் அறுபடாதபடி மேலாகக் கிளறிவிட்டால், கூட்டுப்புழுக்கள் வெளிப்பட்டு வெயிலிலும் பறவைகளின் வாயிலும் போகும்.

ஈயை மணத்தால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மாம்பழ ஈக்குப் பயன்படும் மெத்தில் யூஜினால் என்ற கவர்பொருளை வாங்கிவந்து பூசணிப் பந்தலில் தொங்கவிட்டு, ஒன்றும் விழவில்லையே என்று ஏமாறுபவர்கள் உண்டு. பூசணி இனத்தைத் தாக்கும் ஈ அதற்கு மயங்காது; அதற்குக் கியூலூர் என்ற வேறொரு கவர்பொருள் வேண்டும். அதிலும் ஆண் ஈக்கள் மட்டுமே விழும் என்பதால், ஒரே ஒரு பொறி, ஈ வந்துவிட்டது என்று சொல்லும் அறிவிப்பாக உதவுமே தவிரக் காயைக் காத்துவிடாது. பெரும் பரப்பில் இந்த ஈயை ஒழிக்கவே முடியாதா என்றால், முடிந்திருக்கிறது. ஜப்பானின் ஒகினாவா தீவுகளில், 1970களில் தொடங்கி, மலடாக்கப்பட்ட ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்துப் பறக்கவிட்டு, அவற்றோடு சேரும் பெண் ஈக்களின் முட்டைகள் பொரியாதபடி செய்து, 1993-இல் அதை முற்றாக ஒழித்தார்கள். தீவு என்பதால் கைகூடிய காரியம் அது. நமக்குக் கிடைத்திருப்பவை காகிதப் பையும் மண்கொத்தியும்.

பிஞ்சிலிருந்து நாற்றுக்கு வருவோம். விதை முளைத்து, முதலில் வரும் இரண்டு வித்திலைகள் விரியும்போதே வந்துவிடுவது சிவப்பு வண்டு. அரை விரற்கடை நீளம்கூட இல்லாத, ஆரஞ்சு கலந்த சிவப்பு நிற வண்டு இது. பூசணி இனத்துக்கே உரிய கசப்புப் பொருள் மற்றப் பூச்சிகளை விரட்டுகிறது; இந்த வண்டையோ அதுவே கவர்கிறது. பொறுமையுடன் பார்த்தால் அது சாப்பிடும் விதமே வேடிக்கையாக இருக்கும். முதலில் இலையில் வட்டமாக ஒரு கோடு வெட்டி, சாறு வரும் வழியை அறுத்துவிட்டு, பிறகுதான் வட்டத்துக்கு உள்ளே இருப்பதைத் தின்னும். இலையில் நாணயம் நாணயமாகத் துளைகள் விழுவது இதனால்தான். நாலைந்து இலைகள் விட்ட கொடி இதைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு வித்திலை மட்டும் உள்ள நாற்று ஒரே நாளில் போய்விடும். எனவே காவல் தேவைப்படுவது அந்த முதல் சில வாரங்களில்தான். நாற்றின் மேல் மெல்லிய வலையைக் கவிழ்த்து, ஓரங்களை மண்ணால் மூடிவிடலாம். பெண் பூ வரத் தொடங்கியதும் தேனீக்காக வலையை எடுத்துவிட வேண்டும். வலை இல்லாதவர்கள், பனி உலராத அதிகாலையில், வண்டு மந்தமாக இருக்கும்போது, சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை இலைக்குக் கீழே பிடித்துக்கொண்டு இலையைத் தட்டினால் போதும். கை பட்டதும் தன்னைக் கீழே விழவிடுவது அதன் வழக்கம்; கிண்ணத்திலேயே விழும். வெயில் ஏறிய பிறகு முயன்றால் பறந்துபோய்விடும். இந்த வண்டு, செடியின் அடியில் உள்ள ஈர மண்ணில் முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் வேரையும், மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் காயின் அடிப்புறத்தையும் துளைக்கின்றன. காய்க்கு அடியில் ஒரு பலகைத் துண்டோ ஓடோ வைப்பது இதற்காகவும்தான்.

புள்ளி போட்ட வண்டைக் கண்டதும் நசுக்கிவிடாதீர்கள். பொறிவண்டும் புள்ளியோடு இருக்கிறது, இலையை அரிக்கும் எபிலாக்னா வண்டும் புள்ளியோடு இருக்கிறது. பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோலப் பளபளக்கும். அது, செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியைத் தின்னும் நண்பன். எபிலாக்னாவின் முதுகில் மெல்லிய ரோமம் இருப்பதால் மங்கலாகத் தெரியும். அதன் மஞ்சள் புழு உடல் முழுவதும் முள்ளோடு, இலையின் பச்சையைச் சுரண்டிச் சல்லடையாக்கிவிடும். இரண்டின் முட்டைகளும் மஞ்சளாக, குத்திட்டு நிற்கும் குவியல்களாக இருப்பதால் முட்டையைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சுற்றிலும் அசுவினிக் கூட்டம் இருந்தால் அவை பொறிவண்டின் முட்டைகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அசுவினியும் வெள்ளை ஈயும் இலையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சுபவை. நீரைப் பீய்ச்சி அடித்தாலே அசுவினியில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். அசுவினி பரப்பும் தேமல் வைரஸ்தான் உண்மையான தொல்லை. பறந்து வரும் ஓர் அசுவினி, இலையைக் குத்திய சில நொடிகளிலேயே நோயை ஏற்றிவிடுவதால், பிறகு அதைக் கொன்றும் பயனில்லை. இலை சுருங்கி, மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகித் தளிர் குறுகிவிட்ட கொடியைப் பிடுங்கி அகற்றுவதே மற்றக் கொடிகளுக்கு நல்லது. சில பறங்கி வகைகளில் நரம்புகள் கூடும் இடத்தில் இயல்பாகவே வெள்ளித் திட்டுகள் இருக்கும். அது நோயன்று, பிடுங்கிவிடாதீர்கள்.

அமெரிக்கக் கண்டத்தில் இருப்பவர்களுக்கு வேறு இரண்டு எதிரிகள் உண்டு. ஸ்குவாஷ் நாவாய்ப்பூச்சி, இலையின் அடியில் வெண்கல நிற முட்டைகளை வரிசையாக இடும். இரவில் செடியருகே ஒரு பலகையைப் போட்டுவைத்தால் அதன் அடியில் ஒதுங்கும், காலையில் எடுத்து அழிக்கலாம். இன்னொன்று தண்டுத் துளைப்பான். அடித்தண்டில் மரத்தூள் போன்ற கழிவு தெரிந்தால், தண்டை நெடுக்காகக் கீறிப் புழுவை எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் அடுத்த கணுக்களையும் மண்ணால் மூடுங்கள். கணுவில் புது வேர் விட்டுக் கொடி பிழைத்துக்கொள்ளும்.

தெளித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சில துளி மென்மையான சோப்புக் கரைசலைக் கலந்து, பூக்கள் மூடிய பிறகு, மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் விரைவில் குறைந்துவிடும் என்பதும் மாலையைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து, ஒரு நாள் பொறுத்திருங்கள். கந்தகத் தூளைப் பூசணி இலை தாங்காது. தொடக்கக் காலத்தில், மற்றச் செடிகளுக்குத் தூவிய கையோடு பூசணிக்கும் தூவி, இரண்டே நாளில் இலைகளின் ஓரமெல்லாம் கருகியதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

காய்களை அறுத்து முடித்த பின் கொடியை அப்படியே காயவிட்டுவிடாதீர்கள். வண்டுகள் அடுத்த பருவம் வரை ஒதுங்கியிருப்பது அந்தச் சருகுகளுக்கு இடையில்தான். வேரோடு எடுத்து அப்புறப்படுத்தி, மண்ணைக் கொத்தி வெயிலில் ஆறவிட்டு, அடுத்த முறை அதே இடத்தில் பூசணி, வெள்ளரி, பாகல், சுரை ஆகிய இனத்தைத் தவிர்த்து வேறொன்றை விதையுங்கள்.

நன்றி, வணக்கம்.