பாட்டியின் கை

நேயர்களுக்கு வணக்கம். பிறந்து இருபது நாளான பிள்ளையைப் பாட்டி காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கைகால்களை நீவிக் குளிப்பாட்டுகிறார். நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பதுதான். பிள்ளை திடீரென்று வீறிட்டு அழுகிறது. ஒரு காலை அசைக்கவே இல்லை. எக்ஸ்ரே எடுத்தால் தொடை எலும்பு முறிந்திருக்கிறது. இன்னொரு காலில், முன்பே முறிந்து தானாகக் கூடிய அடையாளம். "நான்தான் டாக்டர் முறிச்சிட்டேன்" என்று அந்தப் பாட்டி என் முன்னால் அழுதது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அவர் கை எல்லாப் பாட்டிமார் கையையும் போலத்தான் நீவியது. எலும்புதான் தாங்கவில்லை.

'ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா' என்று இதற்குப் பெயர். ஏறக்குறைய 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும் மரபணுக் கோளாறு. பெற்றோருக்கு இல்லாமலே பிள்ளைக்குப் புதிதாகவும் வரலாம். பலருக்குக் கண்ணின் வெண்பகுதி நீலம் பாரித்திருக்கும்.

வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், காங்கிரீட்டுக்குள் கம்பி வேண்டும். எலும்பில் கம்பி என்பது கொலாஜன் என்ற புரதம். கால்சியம் சிமென்ட் மாதிரி. இந்தக் குழந்தைகளுக்குக் கம்பியில்தான் குறை. பாலும் முட்டையும் நிறையக் கொடுத்தால் சரியாகாதா என்று கேட்காத தாய் இல்லை. கொடுங்கள் அம்மா, கால்சியமும் வைட்டமின் டியும் குறையக் கூடாது. ஆனால் சிமென்ட்டைக் கூட்டிக் கம்பியின் குறையைத் தீர்க்க முடியாது.

மருந்து உண்டு. எலும்பு கரைவதைத் தடுக்கும் பாமிட்ரோனேட்டை இந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த கனடாவின் மான்ட்ரியல் மருத்துவர்கள், வலி குறைந்ததையும் எலும்பு அடர்த்தி கூடியதையும் 1998இல் வெளியிட்டார்கள். இப்போது ஜோலிட்ரோனிக் அமிலம் என்ற மருந்தும் ரத்தக்குழாய் வழியே ஏற்றுகிறோம். மரபணுவை இவை மாற்றாது. வளைந்த காலை நிமிர்த்தி, பிள்ளை வளர வளரத் தானும் நீளும் உலோகக் கம்பியை எலும்புக்குள் வைப்பதும் உண்டு.

மருந்தைவிட எனக்குக் கவலை தருவது பயம். முறிந்துவிடுமோ என்று பிள்ளையைப் படுக்கையிலேயே வைத்துவிடுகிறார்கள். தசை இழுத்தால்தான் எலும்பு உறுதிப்படும். படுத்தே கிடந்தால் இருப்பதும் தேய்ந்து, அடுத்த முறிவு இன்னும் எளிதாக வரும். தவழட்டும், உட்காரட்டும். இயன்முறை மருத்துவர் பக்கத்தில் இருக்க, தண்ணீருக்குள் கைகால் அசைக்கட்டும். தண்ணீர் உடலின் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

தூக்கும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். துணி மாற்றும்போது இரு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்துத் தூக்காதீர்கள். விரல்களை விரித்துப் பிட்டத்துக்கு அடியில் கையைக் கொடுங்கள். அக்குளில் பிடித்துத் தூக்க வேண்டாம். ஒரு கை பிட்டத்தின் கீழ், மற்றது கழுத்துக்கும் தலைக்கும் பின்னால். முன்பக்கம் திறக்கும் சட்டை வாங்குங்கள். பிள்ளை கையை இழுக்காமல், சட்டைக் கைக்குள் உங்கள் விரலை விட்டு அதை வாங்கிக்கொள்ளுங்கள். வீங்கினால் சுளுக்கு எடுக்கக் கொண்டுபோய் உருவிவிடாதீர்கள். கால் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே அட்டை வைத்துத் துணியால் தளரக் கட்டி, மருத்துவமனைக்கு வாருங்கள்.

அந்தப் பாட்டி பிள்ளையைத் தொடவே மாட்டேன் என்றார். அவருக்குத்தான் முதலில் பழக்கினோம். வெதுவெதுப்பான தண்ணீர், அகலமான பேசின், அடியில் விரித்த உள்ளங்கை. இன்றும் அவர்தான் குளிப்பாட்டுகிறார். நன்றி, வணக்கம்.